பில் போடுவதற்கு முன் கூப்பனைக் காட்டுங்கள்

காரைக்குடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருஷம் பில் போட்டவள் நான். இப்போது கோட்டையூரில் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். உளுந்து, சர்க்கரை, நெய் என்று மாதத்துக்கு நாலு தடவையாவது கடைக்குப் போகிற ஆள். கூப்பன் செல்லாது என்று மற்றவர்களிடம் சொன்ன வாயும் இதுதான், அதே பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்த காதும் இதுதான்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. போன வாரம் எடுத்த கூப்பனை இந்த வாரம் ஏன் எடுக்கவில்லை? தேவகோட்டைக் கடையில் கழித்தார்கள், அதே பெயர்ப்பலகை போட்ட இங்கே ஏன் முடியாது என்கிறார்கள்?

கடைக்கு ஒரே விதி இருக்கிறது, அதை பில் போடுகிற பெண் மறைக்கிறாள் என்று நினைத்துத்தான் நாம் கவுண்டரில் குரலை உயர்த்துகிறோம். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் விதி மூன்று இடத்தில் கிடக்கும். ஒன்று, உங்கள் கையில் இருக்கிற காகிதத்தில். இரண்டு, பில் போடுகிற கம்ப்யூட்டரில். மூன்று, மேற்பார்வை பார்க்கிற தம்பியின் தலையில். மூன்றும் ஒத்துப்போனால் தள்ளுபடி தானாக விழும். ஒன்று பிசகினாலும் "சிஸ்டம் எடுக்கலக்கா" என்ற பதில்தான் வரும்.

அந்தப் பதில் பெரும்பாலும் பொய் இல்லை. எங்கள் கடையில் சலுகை விவரமெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து ராத்திரியில் ஏற்றுவார்கள். நம் கிளையின் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருந்தால் காலையில் எந்தக் கூப்பனை ஸ்கேன் செய்தாலும் மெஷின் கத்தும். பில் போடுகிறவளால் கையால் ஐம்பது ரூபாய் கழிக்க முடியாது. சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். அப்படிப் போட்டதற்கு அவர் சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும். நாள் முடிவில் கல்லாவில் குறைந்தால் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் யாரிடம் என்ன கேட்பது என்பது பிடிபடும். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கோபப்பட்டு ஒரு காசு குறையாது.

கிளைக்குக் கிளை மாறுவதற்கும் காரணம் உண்டு. பலகையில் பெயர் ஒன்றாக இருந்தாலும் சில கிளையைக் கம்பெனியே நடத்தும், சில கிளையைப் பெயரை வாங்கி வேறொருவர் நடத்துவார். பெயரை வாங்கி நடத்துபவருக்கு ஒவ்வொரு தள்ளுபடியும் தன் பாக்கெட்டிலிருந்து போவதுபோல இருக்கும்.

அதனால் கூப்பன் கையில் வந்ததும் நான் முதலில் கேட்டுக்கொள்வது: இந்தப் பணத்தை யார் தரப்போகிறார்கள்?

சோப்பு, டீத்தூள் பாக்கெட்டுக்குள் வரும் கூப்பன் என்றால் பணம் தரவேண்டியது அதைத் தயாரிக்கிற கம்பெனி. கடைக்காரர் உங்களுக்குப் பத்து ரூபாய் கழித்துவிட்டு, அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, கடை கடையாக ஆர்டர் எடுக்க வரும் விற்பனைப் பையனிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பையன் அவற்றைத் தன் ஏஜென்சியில் காட்டி, பின்னால் வருகிற ஏதோ ஒரு பில்லில் கழிப்பார். மாதக்கணக்கில் இழுக்கும். சின்னக் கடை முதலாளி இதை வாங்க முகம் சுளித்தால் காரணம் அதுதான். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள் சொல்வாள், அங்கே கம்பெனிக் கூப்பனில் கடைக்காரருக்குக் கூப்பன் தொகையோடு கையாளும் கூலியாக 8 சென்ட் சேர்த்துத் தருவோம் என்றே அச்சிட்டிருக்குமாம். அதனால்தான் அங்கே பெரிய கடைகள் கூப்பன் விதியை எழுதியே வைத்திருக்கின்றன. நம் ஊரில் அப்படி எழுதி ஒட்டியிருக்கிற கடையை நான் பார்த்ததில்லை.

பில்லின் வாலில் "அடுத்த முறை 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி" என்று வருவது கடையே தருவது. இதில்தான் நமக்குப் பேசும் உரிமை அதிகம், ஏனென்றால் கொடுத்ததும் அவர்கள், எடுக்க வேண்டியதும் அவர்கள். போனில் வரும் கூப்பன் எண், செயலியில் வரும் சலுகை எல்லாம் அந்த நம்பருக்கு மட்டும்தான். நாளிதழுக்குள் வைத்து வரும் நோட்டீஸ் கூப்பன் ரொம்ப பலவீனமானது. எந்தக் கிளை என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

பொடி எழுத்து என்றதும் கானாடுகாத்தானிலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஒரு ஆச்சி ஞாபகம் வருகிறது. எழுபது வயதுக்கு மேலிருக்கும். மஞ்சள் பையில் ஒரு நீள நோட்டு. மற்றவர்கள் கூடையை நிரப்பி, வரிசையில் நின்று, பில் முடிந்து, கார்டைத் தேய்த்த பிறகு "ஐயோ கூப்பன் இருக்கே" என்று தேடுவார்கள். ஆச்சி கூடையே எடுக்க மாட்டார். நேரே என் கவுண்டருக்கு வந்து காகிதத்தை நீட்டுவார்.

"ஆத்தா, இதை அடிச்சுப் பாத்துச் சொல்லு. எடுக்குமா?"

"எடுக்கும் ஆச்சி. ஆயிரத்துக்கு மேல போகணும்."

"எது ஆயிரம்? அட்டையில போட்ட வெலயா, நீ கழிச்சது போகவா?"

முதல் தடவை கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. சும்மா ஒரு பில் போட்டுப் பார்த்தோம். பொருட்களின் எம்.ஆர்.பி. கூட்டினால் 1,120. ஏற்கெனவே இருந்த சலுகைகளில் 140 போய் 980 வந்தது. கூப்பன் விழவில்லை. ஆயிரத்தைத் தாண்டும்படி கொஞ்சம் துவரம்பருப்பு கூடப் போட்டதும் விழுந்துவிட்டது. ஆச்சி நோட்டைத் திறந்து கடையின் பெயர் எழுதி, அதற்கு நேரே "கழித்தது போக" என்று குறித்துக்கொண்டார். வேறொரு கடைக்கு நேரே "அட்டை விலை" என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். தேதி, வரவு, செலவு என்று பேரேடு மாதிரியே கோடு போட்ட நோட்டு. அவர் வீட்டில் மளிகைக்கும் ஐந்தொகை, அதாவது வருஷ முடிவுக் கணக்கு, எடுத்திருப்பார் என்று நாங்கள் பெண்கள் சிரித்துக்கொள்வோம். அவர் வாங்கிய தள்ளுபடியில் பாதிகூட நாங்கள் யாரும் வாங்கியதில்லை.

அந்த நோட்டைத்தான் நானும் இப்போது வைத்திருக்கிறேன். கடைக்கு ஒரு பக்கம். அதில் குறிப்பது இவ்வளவுதான்: ஆயிரம் என்றால் எந்த ஆயிரம், எந்தப் பொருட்கள் கணக்கில் சேராது, ஒரு பில்லில் ஒன்றா பலதா, ஒரே நாளில் இரண்டு பில் போடுவார்களா, சலுகைப் பொருளோடு கூப்பன் சேருமா. ஒவ்வொன்றையும் அனுபவப்பட்டுத்தான் எழுத முடியும். கடைக்குப் போன் போட்டுக் கேட்டால் எடுப்பவர் ஒன்று சொல்வார், கவுண்டரில் வேறு நடக்கும்.

கணக்கில் சேராத பொருட்களை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். அரிசி, சர்க்கரை, எண்ணெய் இவற்றைப் பல கடைகள் ஒதுக்கிவிடும், லாபம் குறைவு என்பதால். பில் 1,400 வந்திருக்கும், அதில் 10 கிலோ அரிசி 600 போனால் மிச்சம் 800தான், கூப்பன் விழாது. இது கடையின் விருப்பம், அதனால் கடைக்குக் கடை மாறும். ஆனால் கைக்குழந்தைக்கு வாங்கும் பால் பவுடருக்குத் தள்ளுபடி இல்லை என்றால் யாரையும் திட்டாதீர்கள். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்மாவைச் சலுகை காட்டி விற்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அது தெரியாமல் ஒரு இளம் அப்பாவிடம் நான் அரைமணி நேரம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்கும் அந்தச் சட்டம் தெரியாது, அதனால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

அடுத்தது, காகிதத்தைப் பத்திரப்படுத்துவது. இதில் நான் ஏமாந்தது ஒன்று உண்டு. பில் காகிதம் மையில் அச்சாவதில்லை, சூடு பட்டுக் கறுக்கிற காகிதம் அது. ஒரு தீபாவளிக்கு முன்னால் நாலு கூப்பன், மொத்தம் 400 ரூபாய்க்குச் சேர்த்திருந்தேன். கசங்காமல் இருக்கட்டும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடச் சொன்னேன். மெஷினுக்குள் வெள்ளையாகப் போனது, வெளியே கரிக்கட்டை மாதிரி வந்தது. முழுக் காகிதமும் கறுப்பு, எழுத்து எங்கே என்று தேட வேண்டும். அந்தப் பையனுக்கும் அன்றுதான் தெரிந்ததாம். லேமினேஷன் காசை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அடுப்பு மேடை, சன்னல் வெயில், வண்டிப் பெட்டி, பர்ஸில் பிளாஸ்டிக் உறை இங்கெல்லாம் வைத்தால் இதற்கு நேர்மாறாக எழுத்து வெளிறிப்போகும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இரண்டு வாரம் தாங்காது. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள், பார்கோடும் கடைசித் தேதியும் தெளிவாக விழும்படி. பிறகு ஒரு காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். படத்தை எடுப்பார்களா என்பது கடையைப் பொறுத்தது. எண் தெரிந்தால் தட்டிப் போடுகிற கவுண்டரும் உண்டு, அசல் காகிதம்தான் வேண்டும் என்கிற கவுண்டரும் உண்டு. இதையும் நோட்டில் குறியுங்கள்.

கடைசித் தேதியைக் கடைசி நாள் ராத்திரிக்கு விடாதீர்கள். பல கடைகளில் பூட்டுவதற்கு முன்பே நாள்கணக்கை முடிப்பார்கள். அதற்குப் பிறகு போடும் பில் மறுநாள் தேதியில் விழுந்தால், ஒன்பதரை மணிக்கு நீங்கள் நீட்டும் 31-ஆம் தேதிக் கூப்பன் போனதுதான்.

சரி, இப்போது கவுண்டர். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். வார நாளில் பதினொரு மணி வாக்கில் போனால் சூப்பர்வைசர் கையில் நேரம் இருக்கும். முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன் கூப்பனை எடுத்து மேடையில் வையுங்கள், "இது இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை. கூட்டுத்தொகை வந்ததும், பணம் கொடுப்பதற்கு முன், திரையில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் எது தப்பானாலும் திருத்துவது சுலபம், ஒரு பொருளை எடுக்கலாம், ஒன்றைச் சேர்க்கலாம். பணம் கட்டி பில் வெளியே வந்துவிட்டால் அதை ரத்து செய்ய வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், கார்டில் கட்டியிருந்தால் பணம் திரும்பி வர நாளாகும். அதனால்தான் "பில் போட்டாச்சுக்கா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார்கள். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கூப்பன் இருந்தால் பொருட்களை முதலிலேயே இரண்டு குவியலாகப் பிரித்து வையுங்கள். 1,000-க்கு 100 என்றால் பத்து சதவீதம். அதே கூப்பனை 1,900 ரூபாய் பில்லில் போட்டால் ஐந்தேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எல்லையை ஒட்டி 1,010, 1,020 என்று நிறுத்துவதுதான் லாபம். "20 சதவீதம், அதிகபட்சம் 75 ரூபாய்" என்று வந்தால் 375 ரூபாயோடு அந்தக் கூப்பனின் வேலை முடிந்தது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தள்ளுபடி பூஜ்யம்.

போன் நம்பர் கேட்பார்கள். புள்ளி சேர்க்க வேண்டுமானால் கொடுங்கள். வெறும் பில்லுக்கு நம்பர் கட்டாயம் என்றால் இல்லை என்று சொல்லலாம். மொபைல் எண்ணுக்காக வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கூப்பன் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது? முதலில், காகிதத்தில் எந்த வரியால் செல்லாது என்று காட்டச் சொல்லுங்கள். சத்தமில்லாமல், கூப்பனை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "தம்பி, எந்த வரின்னு காட்டுங்க". பாதி நேரம் இதிலேயே முடிந்துவிடும், காரணம் அவருக்கும் அந்த வரி கிடைக்காது. வரியைக் காட்டிவிட்டால் நம் தப்பு, எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். வரியும் இல்லை, கழிக்கவும் மாட்டேன் என்றால், கூப்பனின் பின்புறத்தில் "ஏற்கவில்லை" என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருவதைவிட பாஸ்வேர்டு போடுவது சுலபம் என்று பலருக்கும் அந்த நிமிஷத்தில் தோன்றிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பில்லின் அடியில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ படத்தோடு எழுதுங்கள். அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தருவதாகச் சொல்லிவிட்டுத் தரும் எண்ணமே இல்லாமல் பரிசோ சலுகைப் பொருளோ அறிவிப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதில்தான் வருகிறது. சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஐம்பது ரூபாய்க்கு நான் சிவகங்கைக்குப் பஸ் ஏற மாட்டேன், அது வேறு விஷயம்.

"தள்ளுபடியில் வாங்கியது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஒரு பாட்டு பாடுவார்கள். பிடிக்கவில்லை என்று திருப்பினால் அப்படிச் சொல்லட்டும். வண்டு விழுந்த ரவை, ஊசிப்போன நெய் என்றால் அந்தப் பேச்சு எடுபடாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்தாக வேண்டும். கூப்பன் போக நீங்கள் கட்டிய தொகைதான் கைக்கு வரும், கூப்பன் திரும்பி வராது. அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு: கூப்பனைப் பார்த்துப் பொருளை எடுக்காதீர்கள். பாக்கெட்டில் இப்போது ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிட்டிருக்கிறார்கள், பொடி எழுத்தில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில். 200 கிராம் பாக்கெட் 62 ரூபாய், பத்து ரூபாய் கூப்பன் போக 52, அதாவது கிராம் 26 காசு. பக்கத்திலேயே 500 கிராம் பாக்கெட் 120 ரூபாய், கிராம் 24 காசு, கூப்பனே இல்லாமல். நிறையப் பேர் முதல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். நான் பில் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன், சொல்லவும் முடியாது.

அதுபோல விலைக்கு மேல் புது விலை ஒட்டிய பொருளையும் ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். விலையைக் குறைத்து ஒட்டலாம், ஆனால் பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக் கூடாது. கூட்டி ஒட்டவே கூடாது.

என் உளுந்தை நான் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதில்லை. கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். கூப்பனும் கிடையாது, புள்ளியும் கிடையாது. சில்லறைக்குப் பதில் மிட்டாயும் தருவதில்லை, இரண்டு ரூபாயாக இருந்தாலும் எண்ணிக் கொடுத்துவிடுவார். மூன்று மாதம் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், கூப்பன் கழித்த விலையைவிட இங்கே கிலோவுக்குக் குறைவாகத்தான் வந்தது. ஆகவே கூப்பனை நெய், டீத்தூள், சோப்பு, சலவைத்தூள் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதுவும் வீட்டில் தீர்ந்திருந்தால்.

வீட்டுக்கு வந்ததும் பில்லை ஒரு தடவை வரிவரியாகப் பாருங்கள், மறுநாள் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உபயோகப்படாத கூப்பனை நான் தூக்கிப் போடுவதில்லை. எந்தப் பெயரும் போன் எண்ணும் போடாத காகிதமாக இருந்தால் வேறு யாரும் பயன்படுத்தலாம். போன வாரம் செக்காலை ரோட்டுக் கடையில் என் பின்னால் நின்ற பெண்ணின் கூடையில் குழந்தை டயப்பர் இரண்டு பாக்கெட் இருந்தது. என் உறையில் டயப்பருக்கு ஐம்பது ரூபாய்க் கூப்பன் ஒன்று சும்மா கிடந்தது, நீட்டினேன். வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு, பில்லெல்லாம் முடிந்த பிறகுதான் அதைக் கவுண்டரில் காட்டினாள்.

"பில் போட்டாச்சுக்கா" என்றது உள்ளேயிருந்து குரல்.